முதல் ஆட்டத்துக்கு ஒரு டிராகன்பார்ன்: எதை எடுக்கலாம், எதைத் தள்ளிவைக்கலாம்

பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக நடித்து மேசையில் ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் முதன்முறையாக உட்காரப் போகும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: டிராகனின் சாயல் கொண்ட ஒரு கதாபாத்திரத்தைத்தான் ஆட வேண்டும் என்று ஆசை, ஆனால் விதிப்புத்தகத்தைத் திறந்ததும் இனங்களும் வகுப்புகளும் மந்திரப் பட்டியல்களும் மிரட்டுகின்றன, மற்றவர்களைக் காக்க வைக்காமல், அதே சமயம் டிராகன் என்ற உணர்வும் குறையாமல் ஆட எதைத் தேர்ந்தெடுக்கலாம்? என் பதில் இதுதான்: டிராகனின் சாயல் கொண்ட டிராகன்பார்ன் இனம், ஆயுதமேந்திப் போரிடும் ஃபைட்டர் வகுப்பு, படைவீரராக இருந்தவர் என்ற சோல்ஜர் பின்னணி, ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம். இந்தச் சேர்க்கையைப் பரிந்துரைப்பது எளிமை ஒன்றுக்காக மட்டும் அல்ல. ஆடும் முறை உங்களுக்கு வரும்போதெல்லாம் "இப்போது வாளை வீசுவதா, மூச்சை ஊதுவதா" என்ற ஒரே கேள்வியை இது உங்கள் முன் வைக்கிறது. மூச்சு என்பது டிராகனைப்போல வாயிலிருந்து நெருப்பு, மின்னல் போன்றவற்றை உமிழ்ந்து தாக்குவது. புதிதாக ஆடுபவருக்கு அந்த ஒரு கேள்வி போதும், அந்தக் கேள்வி முழுக்க முழுக்க டிராகனுடைய கேள்வியும்கூட.

தொடங்கும் முன்பு, ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் எந்தப் பதிப்பின் விதிகளைப் பின்பற்றுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிராகன்பார்ன் 2008-இல் நான்காம் பதிப்பின் அடிப்படை விதிநூலிலேயே இடம்பெற்ற இனம். ஐந்தாம் பதிப்பில் 2014-இல் ஒரு வடிவமும், திருத்தப்பட்ட 2024 விதிநூலில் வேறொரு வடிவமும் பெற்றது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறியது அல்ல. 2014 விதிகளில் மூச்சை ஊதுவதற்கு உங்கள் முறையின் முழு ஆக்‌ஷனும் செலவாகும், ஒருமுறை ஊதிவிட்டால் குறுகிய ஓய்வோ நீண்ட ஓய்வோ எடுக்கும்வரை மறுபடியும் ஊத முடியாது, இருட்டில் பார்க்கும் திறனும் கிடையாது. 2024 விதிகளில் மூச்சு உங்கள் தாக்குதல்களில் ஒன்றின் இடத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. முதல் நான்கு லெவல்களில் ஒரு நீண்ட ஓய்வுக்கும் அடுத்த நீண்ட ஓய்வுக்கும் இடையே 2 முறை ஊதலாம். 60 அடி வரை இருட்டில் பார்க்கலாம். நான் இங்கே 2024 விதிகளை வைத்தே எழுதுகிறேன். இவற்றின் அடிப்படைப் பகுதி 2025-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவச ஆவணமாக வெளியிடப்பட்டது. டிராகன்பார்ன் இனம், ஃபைட்டர் வகுப்பு, அதன் உட்பிரிவான சாம்பியன் கிளை, சோல்ஜர் பின்னணி ஆகிய நான்கும் அதிலேயே இருப்பதால், நான் சொல்லும் கதாபாத்திரத்தைக் காசு கொடுத்து எதுவும் வாங்காமலேயே உருவாக்கிவிட முடியும்.

இனி எண்களுக்கு வருவோம். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஆறு அடிப்படைத் திறன்கள் உண்டு. அவற்றுக்குப் பங்கிட்டுக்கொள்ள 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்கள் தரப்படும். 15-ஐ வலிமைக்கும் 14-ஐ உடலுறுதிக்கும் வையுங்கள். சோல்ஜர் பின்னணி வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி ஆகிய மூன்றில் ஒன்றுக்கு 2, மற்றொன்றுக்கு 1 என்று கூட்டிக்கொள்ள அனுமதிக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் 2-ஐ வலிமையிலேயே போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் வலிமை 17, உடலுறுதி 15 என்று இரண்டும் ஒற்றைப்படையில் நின்றுவிடும். திறன் இரட்டைப்படை எண்ணைத் தொடும்போதுதான் பகடையில் கூட்டும் மதிப்பு உயரும் என்பதால், இரண்டிலும் ஒவ்வொரு புள்ளி அப்போதைக்குப் பயன்படாமல் கிடக்கும். மாறாக 1-ஐ வலிமைக்கும் 2-ஐ உடலுறுதிக்கும் கொடுத்தால் இரண்டுமே 16 ஆகும், இரண்டுக்குமே +3 கிடைக்கும். டிராகன்பார்னுக்கு உடலுறுதி மற்றவர்களைவிட ஒரு படி கூடுதல் மதிப்புடையது, ஏனெனில் மூச்சின் கடுமையை நிர்ணயிப்பது அதுதான்: எதிரி தப்பிக்க எட்ட வேண்டிய எண், 8 உடன் உங்கள் உடலுறுதி மதிப்பையும் லெவலோடு உயரும் தேர்ச்சி மதிப்பான ப்ரொஃபிஷியன்சி போனஸையும் கூட்டினால் வருவது, இங்கே 8, 3, 2 சேர்ந்து 13. மீதமுள்ள எண்களில் 13-ஐ விவேகத்துக்கும், 12-ஐ ஆளுமைக்கும், 10-ஐ சுறுசுறுப்புக்கும், 8-ஐ நுண்ணறிவுக்கும் கொடுக்கலாம். சோல்ஜர் பின்னணியோடு உடல்வலுச் செயல்களிலும் அச்சுறுத்தலிலும் தேர்ச்சி தானாகவே வந்துவிடுகிறது. கொம்பும் செதிலும் உள்ள ஒருவர் வாயிற்காவலனை முறைத்துப் பார்க்கும் இடங்களில் அந்த 12 வீண்போகாது.

ஆயுதங்களுக்கு, ஃபைட்டருக்குத் தரப்படும் ஆயத்த மூட்டையை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக 155 பொற்காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கிலிக் கவசம் 75, நீள்வாள் 15, கேடயம் 10, எட்டு எறியீட்டிகள் 4, பாதாள அறைகளுக்கான பயணப்பை 12 என்று வாங்கியபின் 39 கையில் மிஞ்சும். சங்கிலிக் கவசமும் கேடயமும் சேர்ந்து உங்கள் ஆர்மர் கிளாஸை 18 ஆக்கும். முதல் லெவலில் தேர்ந்தெடுக்கும் சண்டைப் பாணியாக டிஃபென்ஸை எடுத்தால் 19. எதிரி 20 முகப் பகடையை உருட்டித் தன் போனஸையும் கூட்டி அந்த 19-ஐ எட்டினால்தான் உங்கள் மேல் அடி விழும். 13 ஹிட் பாயிண்டும் (எவ்வளவு சேதம் தாங்கலாம் என்ற எண்), செகண்ட் விண்ட் மூலம் இரண்டு முறை காயத்தைத் தாமாகவே ஆற்றிக்கொள்ளும் வசதியும் சேரும்போது, நடுவில் ஒரு தவறான முடிவை எடுத்துவிட்டாலும் உடனே சாய்ந்துவிட மாட்டீர்கள். முதல் ஆட்டத்திலேயே தன் கதாபாத்திரம் மயங்கிக் கிடக்க, அரை மணி நேரம் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைப்போல ஒரு புதியவரை விரட்டிவிடக்கூடியது வேறெதுவும் இல்லை; நான் பாதுகாப்பு எண்களுக்கு இவ்வளவு அழுத்தம் தருவது அதனால்தான். இந்தக் கவசத்துக்கு ஒரு விலையும் உண்டு: அது ஒலி எழுப்பும், ஒளிந்து செல்ல முயலும்போது இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததையே எடுக்க வேண்டியிருக்கும். பதுங்கும் வேலையைக் குழுவில் வேறொருவருக்கு விட்டுவிடுங்கள்.

பலர் இந்த இடத்தில் இரண்டு கையாலும் பிடிக்கும் பெருவாளைப் பரிந்துரைப்பார்கள். ஃபைட்டர் என்று மட்டும் பார்த்தால் அது நியாயமான பரிந்துரைதான். ஆனால் டிராகன்பார்னுக்கு அதை நான் சொல்லமாட்டேன். ஆர்மர் கிளாஸ் 13, சுறுசுறுப்பில் +1 உள்ள ஒரு சாதாரண எதிரியை எடுத்துக்கொள்வோம். சோல்ஜர் பின்னணியோடு வரும், சேதப் பகடையை இருமுறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ள உதவும் சாவேஜ் அட்டாக்கர் தகுதியையும் சேர்த்துக் கணக்கிட்டால், நீள்வாளின் ஒரு வீச்சு, தவறிப்போகும் முறைகளையும் உட்படுத்தி, சராசரியாகச் சுமார் 6 சேதம் தரும். பெருவாளின் வீச்சு 9-ஐ நெருங்கும். மூச்சு 10 முகப் பகடை ஒன்றின் சேதம், தப்பித்தவர்களுக்குப் பாதி, சராசரியில் ஓர் எதிரிக்குச் சுமார் 4. ஆகவே நீள்வாள் பிடித்தவருக்கு, இரண்டு எதிரிகள் மூச்சின் எல்லைக்குள் வந்தாலே ஊதுவது வீசுவதைவிட மேலானதாகிவிடுகிறது. பெருவாள் பிடித்தவர் மூன்று எதிரிகள் ஒன்றுசேரும் வரை காத்திருக்க வேண்டும், அப்படி ஒரு வாய்ப்பு பல சண்டைகளில் வருவதே இல்லை. டிராகனாக ஆட வந்தவர் தன் மூச்சை அடிக்கடி பயன்படுத்துவதற்கு நியாயம் இருக்க வேண்டும். கேடயம் அந்த நியாயத்தைத் தருகிறது. போதாததற்கு, ஆயுதத் தேர்ச்சி பெற்ற ஃபைட்டரின் நீள்வாள் எதிரியின் மேல் பட்டால், அந்த எதிரியின் அடுத்த தாக்குதலும் தடுமாறும்.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் அதிக நேரம் செலவிடுகிறார்கள், செலவிடட்டும், அது இன்பமான பகுதி. உங்கள் மூதாதை டிராகனின் வகை உங்கள் மூச்சின் தன்மையையும், எந்தச் சேதத்தில் உங்களுக்குப் பாதி மட்டுமே படும் என்பதையும் தீர்மானிக்கிறது. கருப்பும் செம்பும் அமிலம், நீலமும் வெண்கலமும் மின்னல், சிவப்பு, தங்கம், பித்தளை மூன்றும் நெருப்பு, வெள்ளையும் வெள்ளியும் உறைகுளிர், பச்சை நஞ்சு. பச்சையை மட்டும் முதல் ஆட்டத்துக்குத் தவிர்க்கச் சொல்வேன். எலும்புக்கூடுகள், நடைப்பிணங்கள் போன்ற உயிரற்ற உடல்களுக்கு நஞ்சு ஏறாது, அவை தொடக்க லெவல்களில் அடிக்கடி எதிர்ப்படும் எதிரிகள். உங்களுடைய மிகச் சிறந்த ஆயுதம் முதல் கல்லறையிலேயே பயனற்றுப்போனால் மனம் சோர்ந்துவிடும். நெருப்பைத் தாங்கும் எதிரிகளும் பின்னால் வருவார்கள், குறிப்பாக நரக உலகத்தைச் சேர்ந்தவை; அமிலத்தையும் மின்னலையும் எதிர்க்கக்கூடியவை ஒப்பீட்டளவில் குறைவு. அதே சமயம், எதிரிகள் நெருப்பையும் அதிகமாகப் பயன்படுத்துவதால் நெருப்பு மூதாதையின் பாதுகாப்பு அடிக்கடி கைகொடுக்கும். டிராகன் என்றாலே தீ உமிழ்வது என்று உங்கள் மனம் சொன்னால், இந்தக் கணக்குகளை ஒதுக்கிவைத்துவிட்டுச் சிவப்பையோ தங்கத்தையோ எடுங்கள்; வேறுபாடு அந்த ஆசையை விட்டுக்கொடுக்கும் அளவுக்குப் பெரியது அல்ல. ஆட்டத்தின் மரபில் உலோக நிற டிராகன்கள் நல்லவை, மற்ற நிறத்தவை கொடியவை என்று ஒரு பழைய பகுப்பு உண்டு. அது டிராகன்பார்னைக் கட்டுப்படுத்தாது, கருப்புச் செதிலோடு கருணையுள்ளவராக ஆடலாம்.

மூச்சை மேசையில் எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் விதி இரண்டே வரியில் இருந்தாலும் தடுமாற்றம் இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு முறை ஊதும்போதும் இரண்டு வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: 15 அடி நீளக் கூம்பு, அல்லது 30 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள கோடு. கட்டம் போட்ட வரைபடத்தில் ஒரு கட்டம் 5 அடி. கூம்பு உங்களுக்கு அருகில் ஒரு கட்ட அகலத்தில் தொடங்கி, மூன்றாவது கட்டத்தில் மூன்று கட்ட அகலத்துக்கு விரியும். இப்போது 10 அடி அகலமுள்ள ஒரு நடைபாதையை எண்ணிக்கொள்ளுங்கள். இடப்பக்க வரிசையில் உங்கள் குழுவின் ரோக் (பதுங்கித் தாக்கும் வகுப்பைச் சேர்ந்தவர்) காப்லின் என்ற சிறு அரக்கனோடு கத்திச் சண்டையில் இருக்கிறார். வலப்பக்க வரிசையில், உங்களுக்கு நேர் எதிரே, இரண்டு காப்லின்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வருகின்றன. கூம்பாக ஊதினால் மூன்று காப்லின்களும் அகப்படலாம், ஆனால் ரோக்கும் அகப்படுவார். மூச்சு நண்பர், எதிரி என்று பார்ப்பதில்லை, அவரும் தப்பிக்கச் சேவிங் த்ரோ என்ற பகடையை உருட்டியே ஆகவேண்டும். கோடாக ஊதினால் வலப்பக்க வரிசை மட்டும் எரியும், ரோக்குக்கு ஒன்றும் ஆகாது, ஓடிவந்த இரண்டும் ஒரே மூச்சில் அடிபடும். இந்த முடிவை எடுக்க நீங்கள் வரைபடத்தைப் பார்த்தால் போதும், எந்தப் பட்டியலையும் புரட்ட வேண்டியதில்லை. உங்கள் முறை வருவதற்கு முன்பே "நான் ஊதப்போகிறேன், அந்த வரிசையை விட்டு விலகி நில்லுங்கள்" என்று தோழர்களிடம் சொல்லிவைப்பது நல்ல பழக்கம். குழுவாக ஆடுவது அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். மூச்சைப் பத்திரப்படுத்தி வைக்காதீர்கள். பெரிய எதிரி ஒருவர் கடைசியில் வருவார், அவருக்காக இரண்டு மூச்சையும் சேமிப்போம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மூச்சு ஒற்றைப் பெரிய எதிரிக்கு எதிராகத்தான் மிகவும் பலவீனமானது, கூட்டத்துக்கு எதிராகத்தான் வலுவானது. முதல் சண்டையில் இரண்டு எதிரிகள் சேர்ந்து நின்ற உடனேயே ஒன்றைச் செலவழியுங்கள்.

கதாபாத்திரத்தின் உள்ளத்தைப் பொறுத்தவரை, பக்கம் பக்கமான முன்கதை வேண்டாம். ஆயிரம் ஆண்டு வாழ்ந்த டிராகன் மனித உருவில் ஒளிந்திருக்கிறது என்பது போன்ற கதைகள் முதல் லெவலின் 13 ஹிட் பாயிண்டோடு ஒட்டவே ஒட்டாது. டிராகன்களிடமிருந்து ஒரே ஒரு குணத்தை எடுத்து, அதை ஆட்டத்தில் தினமும் செய்யக்கூடிய ஒரு செயலாக மாற்றுங்கள். டிராகன் புதையல் சேர்க்கும். உங்கள் கதாபாத்திரம் எதைச் சேர்க்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பொன் என்பது எளிதான விடை, ஆனால் பங்கு பிரிக்கும்போது அது தோழர்களோடு சச்சரவைத்தான் கொண்டுவரும். நான் ஒரு யோசனை தருகிறேன்: அவர் பெயர்களைச் சேர்ப்பவர். ஒரு கோட்டையின் வாயிலில் காவலாக இருந்தவர். அந்தக் கோட்டை வீழ்ந்த இரவில் வாயிலைக் கடந்து தப்பியவர்களின் பெயர்களைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டவர். அன்றிலிருந்து சந்திக்கும் ஒவ்வொருவரிடமும், சத்திரக்காரரோ சிறைப்பட்ட காப்லினோ யாராக இருந்தாலும், பெயர் கேட்டு எழுதிக்கொள்கிறார், அந்த ஏட்டை யாரையும் தொடவிடுவதில்லை. இதில் நீங்கள் மூன்று பயன்களைப் பெறுகிறீர்கள். பேசத் தயங்கும் நேரத்தில் என்ன பேசுவது என்பது எப்போதும் தயாராக இருக்கும். ஆட்ட மேசையில் நீங்கள் வைத்திருக்கும் குறிப்பேடே கதாபாத்திரத்தின் ஏடாகிவிடும். போன வாரம் பாலத்தருகே சந்தித்த வணிகரின் பெயரைக் குழுவே மறந்திருக்க, புதியவரான நீங்கள் எடுத்துச் சொல்வீர்கள். அதோடு, ஏட்டில் பெயர் உள்ளவர்களைக் காப்பது அவருடைய கடமை என்று வைத்துக்கொண்டால், குழுவோடு சேர்ந்து போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. டிராகனின் செருக்கை ஆட விரும்பினால் அதைத் தோழர்கள் பக்கம் திருப்பாமல், அவர்களை இழிவாகப் பேசும் வெளியாள் பக்கம் திருப்புங்கள். தனித்தே இருப்பவர், யாரையும் நம்பாதவர் என்ற வார்ப்பைத் தவிர்த்துவிடுங்கள். அதை ரசிக்கும்படி ஆட அனுபவம் வேண்டும்.

மற்ற வகுப்புகளைப் பற்றியும் கேட்பார்கள். எனக்கு இரண்டாவது தேர்வு, ஆவேசத்தோடு போரிடும் பார்பேரியன். உடலுறுதி அவருக்கு ஹிட் பாயிண்ட், கவசமில்லாத உடலின் பாதுகாப்பு, மூச்சு ஆகிய மூன்றுக்கும் உதவும். ஆவேசத்தில் இருக்கும்போது மந்திரம் சொல்ல முடியாதே தவிர மூச்சு ஊதத் தடையில்லை, எதிரியைச் சேவிங் த்ரோ உருட்ட வைத்தாலே ஆவேசமும் தொடரும். ஆவேசம் எப்போது தொடங்கியது, எப்போது முடியும் என்று கணக்கு வைத்துக்கொள்ள முடியுமானால் தாராளமாக எடுக்கலாம். புனித வீரரான பாலடின் அழகான பொருத்தம், ஆனால் ஆளுமைத் திறனும் மந்திரங்களும் சேர்வதால் முதல் ஆட்டத்துக்குச் சுமை கூடும். டிராகன் இரத்தம் ஓடும் மந்திரவாதியான சோர்சரர் பெயரளவில் மிகவும் கவர்ந்திழுப்பவர். எனினும் முதல் லெவலிலேயே ஆறு மந்திரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் விதியையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், அதோடு அந்த டிராகன் கிளை மூன்றாம் லெவலில்தான் வந்து சேரும். அவரை இரண்டாவது கதாபாத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பலருக்கு ஏமாற்றம் தருவது சிறகு. டிராகன்பார்ன் இறக்கையில்லாத, இரு காலில் நிற்கும் உருவம். 2014 விதிநூலின் டிராகன்பார்னுக்குக் கடைசி வரை பறக்கும் திறன் கிடையாது. 2024 விதிகளில் ஐந்தாம் லெவலை எட்டும்போது உங்கள் மூச்சின் ஆற்றலால் ஆனதுபோலத் தோன்றும் சிறகுகள் 10 நிமிடத்துக்கு முளைக்கும், நீண்ட ஓய்வுக்கு ஒருமுறை. அதுவரையிலான வளர்ச்சியும் புதியவருக்கு ஏற்ற வேகத்தில்தான் வருகிறது. இரண்டாம் லெவலில் ஆக்‌ஷன் சர்ஜ் கிடைக்கும், ஒரே முறையில் மூச்சும் ஊதி வாளும் வீசலாம். மூன்றாம் லெவலில் சாம்பியன் கிளையை எடுத்தால், பகடையில் 20 மட்டுமின்றி 19 விழுந்தாலும் அடியின் சேதப் பகடைகள் இரட்டிப்பாகும். நினைவில் வைக்கப் புதிய விதி ஏதும் பெரிதாக இல்லை. நான்காம் லெவலில் கிடைக்கும் இரண்டு புள்ளிகளை வலிமையில் சேர்த்து 18 ஆக்குங்கள். ஐந்தாம் லெவலில் ஒரு முறைக்கு இரண்டு தாக்குதல்கள் வருவதால், மூச்சு மீதமுள்ளவரை ஒரே முறையில் ஒன்றை மூச்சாகவும் மற்றொன்றை வாள்வீச்சாகவும் பயன்படுத்தலாம். மூச்சின் சேதமும் அப்போது இரண்டு பகடையாகிறது, ஊதும் எண்ணிக்கை 3 ஆகிறது. சிறகுகள் கனமான கவசத்தோடும் வேலை செய்யும், ஆனால் நீங்கள் செயலிழந்தால் அந்தக் கணமே மறைந்துவிடும் என்பதால், ஆழமான பள்ளத்தின் மேலே பறந்தபடி வாள்வீச்சுத் தூரத்தில் நின்று சண்டையிடாதீர்கள். தொடக்கத்தில் வாங்கிய எறியீட்டிகளை அதற்காகவே மிச்சம் வைத்திருங்கள்.